வெறும் தண்ணி

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணியிலயும் பேச வந்தவங்களுக்கும், கரையேறின கையோட உப்பு காயாத சட்டையில வந்து மணல்ல உட்கார்ந்திருக்கிற எங்க ஊர் மக்களுக்கும் வணக்கம். "நோய் தீரப் பெரிதும் கைகொடுப்பது ஆஸ்பத்திரியா, நம்பிக்கையா?" இதுதான் தலைப்பு. நான் நம்பிக்கை அணி.

எழுதிட்டு வந்ததை எல்லாம் மடிச்சுப் பையில வச்சிட்டேன் ஐயா. எதிரணித் தம்பி இப்பப் பேசிட்டு உட்கார்ந்தாரே, அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. "பள்ளிவாசல்ல ஓதி ஊதின தண்ணியை லேபுக்கு அனுப்புங்க, கோயில் தீர்த்தத்தையும் அனுப்புங்க, என்ன ரிசல்ட் வரும்? வெறும் தண்ணி!"ன்னார்.

வெறும் தண்ணி. அதுக்குப் பதில் சொல்லாம நான் இந்த மைக்கை விட மாட்டேன்.

எங்க கரையில நின்னுக்கிட்டு தண்ணியைப் பார்த்து வெறும்னு சொல்லலாமா தம்பி? மணலைத் தோண்டி ஊத்து எடுத்து, சிரட்டையால மோந்து மோந்து குடத்தை நிரப்பின கைங்க இந்தக் கூட்டத்துல எத்தனை இருக்கு! கடலுக்கும் அந்த ஊத்துக்கும் நடுவுல கொஞ்சம் மணல்தான். அந்தப் பக்கம் வாயில வைக்க முடியாத உப்பு, இந்தப் பக்கம் தித்திப்பு. ராமேஸ்வரம் கோயிலுக்குள்ள 22 தீர்த்தம். எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி வந்த சனம், ஈரத்துணியோட ஒவ்வொரு கிணறா ஓடி, வாளித் தண்ணியைத் தலையில வாங்கிக்கிட்டு வெளியே வரும்போது அந்த முகங்களைப் பாருங்க. லேபுக்கு அந்த முகத்தை எப்படி அனுப்புவீங்க?

எங்க அப்பாவுக்கு ஒரு தடவை கணுக்கால்ல திருக்கை முள் ஏறிடுச்சு. கடல்ல போறவங்களுக்குத் தெரியும் அந்த வலி. மலை மாதிரி மனுஷன், வேட்டி நுனியைக் கடிச்சுக்கிட்டு மணல்ல புரள்றார். அப்பத்தா ஒண்ணும் பேசலை. அடுப்புல தண்ணி வச்சா. உள்ளங்கையை விட்டுப் பார்த்து, பொறுக்கிற சூட்டுல, அண்டாவுக்குள்ள காலை இறக்கினா. ஆற ஆற இன்னொரு செம்பு வெந்நீர். ஒவ்வொரு செம்புக்கும் "முனியய்யா, எம்புள்ளையப் பாரு"ன்னா. ஒரு மணி நேரத்துல அப்பா திண்ணையில சாய்ஞ்சு தூங்கிட்டார். இன்னைக்கு டாக்டருங்க படிக்கிற புத்தகத்துல என்ன இருக்கு? திருக்கை விஷம் சூட்டுல முறியும், 45 டிகிரி வெந்நீர்ல அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம் வைங்கன்னு இருக்கு. அப்பத்தா தெர்மாமீட்டரைக் கண்ணால பார்த்ததில்லை. அவகிட்ட இருந்தது உள்ளங்கையும் வெறும் தண்ணியும்.

இன்னொண்ணு. 1971, பங்களாதேஷ் போர். மேற்கு வங்கத்துல பொங்காவ் அகதி முகாம்ல காலரா. ஊசி வழியா ஏத்துற சலைன் தீர்ந்து போச்சு. அங்க இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் தண்ணியில கலந்து, டிரம்ல ஊத்தி வச்சு, சொந்தக்காரங்க கையாலயே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூத்துக்கு 30 பேர் செத்துக்கிட்டிருந்த இடத்துல சாவு 4 பேருக்கும் கீழ வந்துச்சு. அவர் டாக்டர்தான், ஒத்துக்கிறேன். ஆனா தாய் கையால, கரண்டியால ஊட்டின தண்ணிதானே காப்பாத்துச்சு! வயித்தால போற பிள்ளைக்கு கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டு ஊட்டின நம்ம கிழவிகளை நினைச்சுப் பாருங்க.

தலைப்புக்கும் வந்துட்டுப் போறேன், நடுவர் மார்க்கைக் குறைச்சிடக் கூடாது. எலும்பு முறிஞ்சா, பாம்பு தீண்டினா நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவேன். சாப்பிடுற மாத்திரையை யாரும் நிறுத்திடாதீங்க. எனக்குப் பயம் மருந்து மேல இல்லை, அதைச் சுத்தி வளர்ந்து நிக்கிற வியாபாரத்து மேல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லுது: தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில மட்டும் எடுத்தா 64. நம்ம பொண்ணுங்க இடுப்பு ஒரே தலைமுறையிலயா பலம் போச்சு?

எதிரணித் தம்பி ஏர்வாடி தர்காவையும் இழுத்தார். இழுக்கட்டும், அதை நானும் மறக்க மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6. விடியக்காலம். ஓலைக்கொட்டகையில தீ. சங்கிலியில கிடந்த 28 பேர் போயிட்டாங்க. நம்ம மாவட்டத்து மண்ணுல நடந்தது, நாம தலை குனியணும். ஆனா அந்தச் சங்கிலியை மாட்டினது துஆ இல்லை தம்பி, பிரார்த்தனை இல்லை. காசு வாங்கிக்கிட்டு மனநோயாளிங்களை வச்சிருந்த தனியார் காப்பகம். மனநோய்க்கு மண்டையில துளை போட்டு மூளை நரம்பை அறுத்தாங்களே, அந்த வைத்தியத்துக்கு 1949-ல நோபல் பரிசே கொடுத்தாங்க. அதை வச்சு டாக்டர் எல்லாரையும் நான் குத்தம் சொன்னேனா? பிறகு அதே ஏர்வாடியில தர்காவை ஒட்டியே டாக்டரும் வந்து உட்கார்ந்தார். தவா, அதாவது மருந்து, ஒரு கை; துஆ ஒரு கை. சனம் தர்காவை விட்டு நகராதுன்னு தெரிஞ்சுதானே அவங்க நம்மைத் தேடி வந்தாங்க?

சரி, தண்ணிக்கு வர்றேன்.

திருக்கை குத்தியும் எழுந்து நடந்த அந்த அப்பா, ஒரு ஐப்பசி வாடையில வல்லத்தோட போனவர், வரலை. என் தம்பிக்கு அப்ப ஏழு வயசு. மூணு நாள் கரையிலயே நின்னான். நாலாம் நாள் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தோம். அன்னைக்கு வாயை மூடினவன், திறக்கலை. அழுகை இல்லை, பேச்சு இல்லை. ராத்திரியில எழுந்து வாசக்கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

அம்மா தோட்டை அடகு வச்சு வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. காலையில 6 மணிக்கு டோக்கன், மத்தியானம் 2 மணிக்கு டாக்டர். அவர் தம்பி முகத்தைப் பார்க்கலை, சீட்டைப் பார்த்தார். ஸ்கேன்னார், ரத்தம்னார். சாயங்காலம் ரிப்போர்ட் வந்துச்சு: "எல்லாம் நார்மல்." பேசாத பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, நார்மல்னு எழுதின காகிதத்தை மடியில வச்சுக்கிட்டு, பஸ்ல அம்மா வந்தாங்களே, அந்தப் பயணத்துக்கு எந்த லேப்ல ரிசல்ட் தருவாங்க?

மறுநாள் மஃரிபு நேரம், பொழுது சாஞ்சதும் தொழுற தொழுகை. பள்ளிவாசல் படிக்கட்டு. உங்களுக்கே தெரியும், தொழுகை முடியுற நேரத்துல அங்க யார் யார் நிப்பாங்கன்னு. நெத்தியில விபூதி வச்ச அம்மா, கழுத்துல சிலுவை போட்ட அம்மா, முக்காடு போட்ட அம்மா. எல்லார் இடுப்புலயும் ஒரு பிள்ளை, கையில ஒரு செம்பு. பள்ளிவாசல்ல ஓதுற லெப்பை வெளியே வந்தார். எங்க கிட்ட வந்து குனிஞ்சார். குனிஞ்சார்னு சொன்னது காதுல விழுந்துச்சா தம்பி? ஏழு வயசுப் பிள்ளை உயரத்துக்கு, முட்டியை மடிச்சுக் குனிஞ்சார். தலையில கை வச்சு ஓதினார், ஊதினார். செம்புலயும் ஊதினார். "பேரென்னடா?" பதில் இல்லை. "இன்னைக்கு என்ன காத்துடா அடிக்குது?" பதில் இல்லை. "சரி, நாளைக்கு வாம்மா."

மறுநாளும் அதே படி, அதே செம்பு. "இன்னைக்கு என்ன காத்துடா? கச்சானா, கொண்டலா?" பதில் இல்லை. அதுக்கு மறுநாளும். ஒரு பைசா வாங்கலை. ஒரு நாளும் சலிக்கலை. காத்தைத் தவிர வேற எதையும் கேட்கலை. கடல்காரன் பிள்ளை, காத்து தெரியாதா?

இருபத்திமூணாம் நாள். லெப்பை குனியுறார், ஓதுறார், ஊதுறார். "என்ன காத்துடா இன்னைக்கு?"

என் தம்பி அவர் தாடியைப் பிடிச்சுக்கிட்டு சொன்னான்: "வாடை."

அப்பாவைக் கொண்டு போன காத்து. அதைச் சொல்லிட்டு, அந்தப் படிக்கட்டுல, அவன் அழுதான் பாருங்க... இத்தனை நாள் அழுகையையும் சேர்த்து அழுதான். அம்மா செம்புல மிச்சமிருந்த தண்ணியைத் தானும் ரெண்டு வாய் குடிச்சாங்க.

எதிரணித் தம்பி, எந்தக் காத்துன்னு கேட்கிற மாத்திரை உங்ககிட்ட இருக்கா?

கடைசியா ஒண்ணு, மணி அடிச்சிடாதீங்க ஐயா. போன வருஷம் அம்மா ஐசியூல கிடந்தாங்க. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான், கையில அதே செம்பு. லெப்பை மௌத்தாகிட்டார், அவர் மகன் ஓதிக் கொடுத்த தண்ணி. ரெண்டு நாளா உள்ளே விடலை. "எதுவும் வாயில கொடுக்கக் கூடாது"ன்னாங்க. அவங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். ஆனா அம்மா உதடு வெடிச்சுப் போய் இருந்துச்சு ஐயா, கண்ணாடி வழியாவே தெரிஞ்சுச்சு.

மூணாம் நாள் ராத்திரி டியூட்டிக்கு வந்த நர்ஸ் பொண்ணு, நம்ம பக்கத்துப் பொண்ணுதான், என்னைப் பார்த்துச்சு, செம்பைப் பார்த்துச்சு. "ஓதின தண்ணியாக்கா?"ன்னுச்சு. தலையை ஆட்டினேன். உள்ளே வாங்கிட்டுப் போய், பஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு, அம்மா உதட்டுல மெல்ல ஒத்தி எடுத்துச்சு. அம்மா கண்ணைத் திறந்து, கதவுக்கு இந்தப் பக்கம் நின்ன என்னைத் தேடினாங்க.

நடுவர் ஐயா, நான் உட்காருறேன். வணக்கம்.