ஜன்னலில் போன், மேசையில் ஃப்ரீபிஎஸ்டி

[காட்சி: லயத்து ஜன்னல். வெளியே தேயிலை மலை.]

வணக்கம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஃபைபர் வரவில்லை. இணையம் என்றால் போனுக்குப் போடும் ரீலோட்தான். என் பழைய லெப்டொப்பில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. 1993இல் முதலில் வெளிவந்த இலவச இயங்குதளம். லினக்ஸ் இல்லை, யுனிக்ஸ் வழியில் வந்த வேறொரு குடும்பம். இதில் பல லெப்டொப்களின் வைஃபை சரிவராது. அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். அன்ட்ரொய்ட் போனை யுஎஸ்பி வயரில் சொருகியே இணையம் எடுக்கலாம்.

ஃப்ரீபிஎஸ்டியைத் தரவிறக்கும்போது கவனம். பென்டிரைவில் எழுதி இன்ஸ்டால் செய்யும் கோப்புக்கு ‘மெம்ஸ்டிக்’ என்று பெயர். அதில் ‘மினி மெம்ஸ்டிக்’ சிறியது, டேட்டா மிச்சமாகும் என்று ஆசை வரும். வேண்டாம். இன்ஸ்டால் நடக்கும்போதே மீதியை இணையத்திலிருந்து கேட்கும். வெறும் ‘மெம்ஸ்டிக்’ கோப்பை எடுங்கள்.

[காட்சி: மேசையில் இரண்டு வயர்கள், மிக அருகில்.]

இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதானே? கறுப்பு வயர் சார்ஜ் மட்டும் ஏற்றும். அதற்குள் டேட்டா கம்பியே கிடையாது. இது தெரியாமல் இரண்டு ராத்திரி டிரைவர் மென்பொருளில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். சொருகிய பிறகும் போன் செட்டிங்ஸில் ‘யுஎஸ்பி டெதரிங்’ (போனின் இணையத்தை வயர் வழியே பகிரும் வசதி) மங்கலாகவே இருந்தால், முதலில் வயரை மாற்றிப் பாருங்கள்.

[காட்சி: கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.]

டெதரிங்கை ஒன் செய்யுங்கள். ரூட்டாக, அதாவது நிர்வாகிக் கணக்கில், உள்நுழைந்து, திரையில் உள்ளபடி அடியுங்கள்: கே-எல்-டி-லோட், ஓர் இடைவெளி, ஐ-எஃப், அடிக்கோடு, யு-ஆர்-என்-டி-ஐ-எஸ். போனை நெட்வொர்க் கார்ட்டாகக் காட்டும் டிரைவர் இது. ஏற்கெனவே ஏறிவிட்டது என்று சொன்னால் நல்லதுதான். இப்போது ‘யு-இ-பூச்சியம்’ என்ற பெயரில் போன் ஒரு நெட்வொர்க் இணைப்பாக முளைக்கும். டி-எச்-கிளையன்ட் யு-இ-பூச்சியம் என்று அடித்தால் லெப்டொப்புக்கு நெட்வொர்க் முகவரி கிடைத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் அடிக்காமலிருக்க, கணினி தொடங்கும்போது படிக்கும் ஆர்சி-கொன்ஃப் (/etc/rc.conf) கோப்பில் இந்த இரண்டு வரிகளையும் சேருங்கள்: kld_list="if_urndis", அடுத்த வரியில் ifconfig_ue0="DHCP". வீடியோவை நிறுத்தி, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள்.

[காட்சி: நீளமான வயர் ஜன்னல்வரை போகிறது.]

மூட்டம் வந்தால் சிக்னல் போகிறது என்பார்கள். பெரும்பாலும் மறைப்பது மலைதான். டவர் தெரியும் பக்கமாக உள்ள ஜன்னலில் போனை வையுங்கள். 2 அல்லது 3 மீட்டர் வயர் போதும், 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். வயரைக் கழற்றினால் டெதரிங் ஓஃப் ஆகிவிடும், திரும்பச் சொருகியதும் மறக்காமல் ஒன் செய்யுங்கள்.