ரூல்ஸை மீறினா நீங்க கெத்தா, கிறுக்கா? முடிவு பண்றது யார் தெரியுமா?

(திரை: நடைபாதை ஓர கஃபே. ஓர் ஆள் தனியா உட்கார்ந்திருக்கார்.)

இந்த ஆளைப் பாருங்க. பக்கத்து நாற்காலி மேல காலைத் தூக்கிப் போட்டிருக்கார். சிகரெட் சாம்பலைத் தரையிலேயே தட்டுறார். ஆர்டர் எடுக்க வந்தவர்கிட்ட வெடுக்குனு பேசுறார். "சரியான திமிர் பிடிச்ச ஆளு"ன்னு உங்களுக்குத் தோணுதா? தோணணும். ஆனா உங்க மூளை கமுக்கமா இன்னொண்ணும் சொல்லியிருக்கும்: "இவன் ஏதோ பெரிய இடத்து ஆளு போல."

நான் அடிச்சு விடலைங்க. உளவியலாளர் கெர்பன் வான் கிளீஃப் குழு 2011-ல வெளியிட்ட ஆய்வுல, இதே காட்சியை ரெண்டு விதமா படம் பிடிச்சுக் காட்டினாங்க. ஒண்ணுல அதே ஆள் பவ்யமா இருப்பார், இன்னொண்ணுல அடாவடி. அடாவடி ஆளுக்குத்தான் அதிகாரம் ஜாஸ்தி இருக்கும்னு பார்த்தவங்க நினைச்சாங்க. அதிகாரம் இருக்கிறவன் இஷ்டத்துக்கு நடப்பான். அப்போ இஷ்டத்துக்கு நடக்கிறவன்கிட்ட அதிகாரம் இருக்கும். கணக்கைத் தலைகீழாப் போடுறோம்!

கொஞ்சம் பொறுங்க, "நாளையிலேர்ந்து நானும் காலைத் தூக்கிப் போடுறேன்"னு கிளம்பிடாதீங்க. பெரிய ஆளாத் தெரியறது வேற, அவன் கையில நாமளே அதிகாரத்தைக் கொடுக்கிறது வேற. அடுத்த வருஷமே அதே குழு அதையும் சோதிச்சது. ஒருத்தன் அடுத்தவங்க காபியைக் கேட்காம எடுக்கிறான். தனக்கு மட்டும் ஊத்திக்கிட்டா, அவனுக்குத் தலைமை கொடுக்க யாரும் தயாரா இல்லை. பக்கத்துல இருக்கிறவருக்கும் சேர்த்து ஊத்தினா? "இவன் நம்மாளு, இவன் கையில பொறுப்பைக் கொடுக்கலாம்!" எடுத்தது என்னமோ அதே காபிதான்.

இதுவும் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி கிடையாது. 19 நாடுகள்ல நடத்தி 2019-ல வந்த ஆய்வுல, தனிமனித விருப்பத்துக்கு மதிப்பு தர்ற சமூகங்கள்லதான் மீறுறவன் பெரிய ஆளாத் தெரிஞ்சான். கூட்டத்தோட ஒத்துமை முக்கியம்னு நினைக்கிற இடங்கள்ல அவனுக்குக் கிடைச்சது கோபம்தான்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி. இதைச் சொல்றதுக்காகவே இந்த வீடியோ எடுத்தேன்னு வெச்சுக்கோங்களேன்.

ஹரால்ட் கார்ஃபிங்கல்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். தன்னோட மாணவர்களுக்கு ஒரு ஹோம்வொர்க் கொடுத்தார். "உங்க சொந்த வீட்டுக்குப் போங்க. 15 நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரம் வரைக்கும், அங்கே வாடகைக்குத் தங்கியிருக்கிற வெளியாள் மாதிரி நடந்துக்கோங்க." அவ்வளவுதான். திருடச் சொல்லலை, திட்டச் சொல்லலை. மரியாதையா இருக்கச் சொன்னார்! கேட்டா மட்டும் பதில், எதைத் தொட்டாலும் அனுமதி.

வீடு ரெண்டு பட்டுச்சு. ஒரு பையன், அம்மாவோட தோழிகள் எதிர்லேயே, "ஃபிரிட்ஜ்லேர்ந்து ஏதாவது எடுத்துச் சாப்பிடலாமா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"ன்னு கேட்டிருக்கான். அந்தம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. "இத்தனை வருஷமா என்னைக் கேட்டுட்டா எடுத்துத் தின்னே? உனக்கு என்னடா ஆச்சு?" மத்த வீடுகள்லேயும் இதே கதைதான். "உடம்பு சரியில்லையா? வேலை போயிடுச்சா? கிறுக்குப் பிடிச்சிருக்கா, இல்லை முட்டாளாயிட்டியா?" ஐந்துல நாலு வீட்டுல ஆடிப் போயிட்டாங்கன்னு கார்ஃபிங்கல் எழுதியிருக்கார்.

இதுல நீங்க கவனிக்க வேண்டிய விஷயம் கோபம் இல்லை. ஆளாளுக்குக் காரணம் தேடினாங்க பாருங்க, அதுதான். படிப்புச் சுமை அதிகமோ, நிச்சயம் பண்ணின பொண்ணோட சண்டையோன்னு ஒவ்வொரு வீடும் தானா ஒரு கதை கட்டிச்சு. ஏன்னா வழக்கப்படி நடக்கிறவனைப் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியறதில்லை. எல்லாரும் அப்படித்தானே நடக்கிறாங்க. வழக்கத்தை மீறுறப்போதான் "இவன் யாரு?"ங்கிற கேள்வியே வருது. அந்தக் கேள்விக்கு நாம கட்டுற கதைதான் தீர்ப்பு. மீறல் ஒண்ணுதான், கதை மாறினா ஆளே மாறிடுறான்.

ஆதாரம் வேணுமா? ஆராய்ச்சியாளர் சில்வியா பெல்லெட்ஸா குழுவோட 2014 ஆய்வு. எல்லாரும் கழுத்துல கறுப்பு 'போ டை' (பட்டாம்பூச்சி மாதிரி இருக்கிற டை) கட்டி வர்ற விருந்துல ஒருத்தர் மட்டும் சிவப்பு போ டை. "தெரிஞ்சேதான் கட்டினார்"னு சொன்னா, "அட, செல்வாக்கான மனுஷன்!" "தெரியாம கட்டிட்டு வந்துட்டார்"னு சொன்னா அந்த மதிப்பு போச்சு. இத்தாலியில மிலான் நகரத்து ஆடம்பரக் கடைகள்ல வேலை பாக்கிறவங்க, ஃபர் கோட் போட்டு வர்ற அம்மாவை விட ஜிம் டிரெஸ்ல வர்ற அம்மாவைத்தான் பசையுள்ள பார்ட்டின்னு கணிச்சாங்க. தெருவுல போறவங்களைக் கேட்டா அப்படியே உல்டா! அந்தக் கடைக்காரங்க எத்தனை கோட்டைப் பார்த்து ஏமாந்தாங்களோ, யார் கண்டா.

மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடம்னு சொல்வாங்களே, அதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. முதல்ல கூட்டத்தோட ஒத்துப் போய் நல்ல பேர் சம்பாதிச்சவன் அப்புறம் மீறினா பொறுத்துப்பாங்கன்னு உளவியலாளர் எட்வின் ஹாலண்டர் 1958-லேயே எழுதிட்டார். நல்ல பேர் இல்லாத நம்மாளு மீறினா? வெளியாளை விட அவனைத்தான் அதிகமா வறுத்தெடுப்பாங்க.

உங்க ஆபீஸ்ல யாருக்கு மண்குடம், யாருக்குப் பொன்குடம்னு கமெண்ட்ல கொட்டுங்க. பேர் மட்டும் வேண்டாம், எனக்கு எதுக்கு வம்பு!

சரி, மீறுறவன் மனசுல என்ன ஓடும்? 1970-கள்ல அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமோட மாணவர்கள் நியூயார்க் சுரங்க ரயில்ல, உட்கார்ந்திருக்கிறவங்ககிட்டப் போய் "உங்க சீட்டைத் தர்றீங்களா?"ன்னு கேட்டாங்க. காரணமே சொல்லாம. 68 சதவீதம் பேர் எழுந்தாங்க, இல்லைன்னா நகர்ந்து இடம் விட்டாங்க! "நின்னுக்கிட்டுப் புத்தகம் படிக்க முடியலை"ன்னு காரணம் சொன்னப்போ சுமார் 42 சதவீதம்தான். அற்பக் காரணத்தைச் சொல்லாம விட்டிருந்தா, "பாவம், உடம்புக்கு என்னமோ"ன்னு எதிர்ல இருக்கிறவரே ஒரு நல்ல காரணத்தைக் கற்பனை பண்ணிக் கொடுத்திருப்பார். இது என் ஊகம்.

மில்கிராமே ஒரு தடவை கேட்கப் போனார். வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கிச்சு. எப்படியோ கேட்டு முடிச்சு, சீட்டும் கிடைச்சு உட்கார்ந்தப்போ, அந்தச் சீட்டுக்கு நியாயம் கற்பிக்கிற மாதிரி நடந்தே ஆகணும்னு அவருக்குத் தோணியிருக்கு. தலை முழங்காலுக்கு நடுவுல குனிஞ்சிடுச்சு, முகம் வெளுக்கிறது அவருக்கே தெரிஞ்சுது. நடிக்கலைங்க, நிஜமாவே செத்துடுவேன் போல இருந்துச்சுன்னு சொல்லியிருக்கார். ரயிலை விட்டு இறங்கினதும் எல்லாம் சரியாப் போச்சாம்.