தடுத்தவருக்கு எத்தனை மார்க்?

எல்லோருக்கும் வணக்கம்.

ஹாக்கி என்றதும் புல்தரையும் தயான் சந்தும் நினைவுக்கு வந்தால், கொஞ்ச நேரத்துக்கு அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். நான் பேசப்போவது வட அமெரிக்காவின் பனித்தள ஹாக்கியைப் பற்றி, என்ஹெச்எல் லீக்கைப் பற்றி. அங்கே ஓர் அணி ஆட்டத்துக்கு வழக்கமாக ஆறு தடுப்பாட்டக்காரர்களை இறக்கும். இரண்டிரண்டு பேராக மாறி மாறி உள்ளே வருவார்கள். எண்களை வைத்து இவர்களில் யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசைப்படுத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

கோல் அடிப்பவருக்கு மார்க் போடுவது சுலபம். தடுப்பவர் வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. எதிராளி நம் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டப் பார்ப்பார், வழி இருக்காது, பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை, பின்னால் தள்ளிவிட்டுத் திரும்புவார். இதற்கு ஸ்கோர் ஷீட்டில் கட்டமே கிடையாது.

சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு 1954 முதல் ஜேம்ஸ் நாரிஸ் கோப்பை தருகிறார்கள். ஹாக்கி எழுத்தாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆட்டத்தின் எல்லாப் பக்கத்திலும் திறமை வேண்டும் என்பது விதி. ஆனால் கண்ணில் படுவது புள்ளிகள், அதாவது கோலும், கோலுக்கு வழிவகுத்த பாஸுக்கான அசிஸ்ட்டும் சேர்ந்த கணக்கு. அதை மீறி ஓட்டு விழுந்ததும் உண்டு. 1983-84 பருவத்தில் எட்மண்டனின் பால் காஃபி 40 கோலோடு 126 புள்ளி எடுத்தார். கோப்பை வாஷிங்டனின் ராட் லாங்வேக்குப் போனது. அவர் எடுத்தது 33. 2015-16-இல் எரிக் கார்ல்சன் 82, ட்ரூ டௌட்டி 51, வென்றவர் டௌட்டி. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, தடுப்பதற்கு என்று பழைய எண் ஒன்று இருக்கிறதே, பிளஸ்-மைனஸ்? ஆள் எண்ணிக்கை சமமாக இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால், தளத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு பிளஸ். வாங்கினால் ஒரு மைனஸ். எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் ப்ளேயில் போடும் கோலுக்கு பிளஸ் கிடையாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் பெஞ்சிலிருந்து குதித்துப் பனியில் கால் வைத்த நொடியில் மறுமுனையில் கோல் விழுந்தால், அதுவும் அவர் தலையில்தான். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம், ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம் என்று வையுங்கள். பயிற்சியாளர் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டுத் தாக்குதல் தெரிந்தவர்களை அனுப்புவார். எதிரணி காலி வலையில் ஒன்று போடும். நம்பி அனுப்பப்பட்டவருக்கு மைனஸ், உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்றுமில்லை! தோற்கிற அணியின் நல்ல ஆட்டக்காரருக்கு இப்படியே கணக்கு ஏறும்.

மறுபக்கமும் பாருங்கள். 1970-71-இல் பாபி ஓர் எடுத்த பிளஸ் 124 இன்றுவரை சாதனை. அவர் மேதை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய பாஸ்டன் அணி அந்தப் பருவத்தில் 399 கோல் போட்டது என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

கோல்கள் எண்ணிக்கையில் குறைவு, அதிர்ஷ்டம் அதிகம். அதனால் வலையை நோக்கிய முயற்சிகள் எல்லாவற்றையும் எண்ணலாம் என்று கிளம்பினார்கள்: வலைக்குப் போனது, விலகிப் போனது, நடுவில் தடுக்கப்பட்டது எல்லாமே. இதுதான் கோர்சி. பஃபலோ அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயர். ஒருவர் தளத்தில் இருக்கும்போது நூறு முயற்சிகளில் 55 நம்முடையது என்றால் பக் நம்மிடம் அதிகம் இருக்கிறது என்று அர்த்தம். இது வந்தபின் ஒரு பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. உடம்பைக் குறுக்கே போட்டு ஷாட்டைத் தடுப்பவர் வீரர்தான்; ஆனால் ஒருவர் ஷாட் தடுத்தவர்கள் பட்டியலில் எப்போதும் மேலே நிற்கிறார் என்றால், அவர் இருக்கும்போது பக் எப்போதும் எதிரணியிடம் இருக்கிறதோ என்றும் கேட்க வேண்டும். எதிராளியை உடம்பால் இடிக்கும் மோதல்களின் கணக்கையோ நான் அவ்வளவாக நம்புவதில்லை. அரங்கத்துக்கு அரங்கம் கணக்கு எழுதுபவர் கை தாராளம் மாறும்.

கோர்சியிலும் சிக்கல் உண்டு. எதிரணியின் முதல் வரிசைத் தாக்குதல்காரர்களோடு, அதாவது சிறந்தவர்களோடு, மல்லுக்கட்டுபவரும் கடைசியான நான்காம் வரிசையோடு ஆடுபவரும் ஒரே தராசில் நிற்கக் கூடாது. இதைச் சரிசெய்ய, தளத்தில் கூட இருந்தவர்கள், எதிரே இருந்தவர்கள் எல்லோரையும் ஒரே சமன்பாட்டில் போட்டு ஒவ்வொருவர் பங்கையும் பிரிக்கிறார்கள். இந்த முறை கூடைப்பந்திலிருந்து வந்தது. எனக்குப் பிடித்த முறையும்கூட. ஆனால் தடுப்பாட்டத்தில் ஒரு தனித் தொல்லை. ஜோடியாக ஆடும் இருவர் பருவம் முழுக்கப் பிரியாமலே இருந்தால், யார் யாரைத் தாங்கினார்கள் என்று எந்தச் சமன்பாட்டாலும் சொல்ல முடியாது. ஒருவருக்கு அடிபட்டு மற்றவர் புது ஆளோடு ஆடும் அந்தச் சில வாரங்கள்தான் கணக்குப் போடுபவருக்குச் சாப்பாடு. கேட்க இரக்கமில்லாமல் இருக்கும், ஆனால் நிலைமை அதுதான்.

அதனால் ஒன்று முதல் ஐம்பது வரை எண் போட்ட பட்டியலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஏழாமவருக்கும் பதினைந்தாமவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கணக்கின் தள்ளாட்டத்துக்குள் அடங்கிவிடும். மேல்வரிசை, நடுவரிசை என்று அடுக்குகளாகப் பிரித்தால் போதும். எந்த வேலைக்கு என்றும் சொல்லிவிட வேண்டும்.

2022-23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சான் ஹோசே அணிக்காக கார்ல்சன் 101 புள்ளி எடுத்தார். 1991-92-இல் பிரையன் லீட்ச்சுக்குப் பிறகு ஒரு தடுப்பாட்டக்காரர் நூறைத் தொட்டது அப்போதுதான். அதே பருவத்தில் அவருக்கு மைனஸ் 26. அணி மொத்தமாக வென்றது 22 ஆட்டம். எனக்கு ஓட்டு இருந்திருந்தால் அவருக்கே போட்டிருப்பேன். எழுத்தாளர்களும் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஒரு கோல் முன்னிலை, கடைசி நிமிடம் என்றால் நான் உள்ளே அனுப்புவது கரோலினாவின் ஜேக்கப் ஸ்லாவினை. அவர் இதுவரை நாரிஸ் வாங்கியதில்லை. நாகரிகமாக ஆடுபவருக்கான லேடி பிங் கோப்பையைத்தான் 2021-லும் 2024-லும் கொடுத்தார்கள்.

சரி, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். மைக் அந்தப் பக்கம் இருக்கிறது.