ஆழாக்கும் உழக்கும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போன கதை

வணக்கம். ஒரு நிமிடம் பொறுங்கள், போன் சரிகிறது. கீழே முட்டுக் கொடுத்திருப்பது என் ரெக்கார்டு நோட்டுகள். பி.எட். படிக்கிறவர்களுக்கு அந்த நோட்டுகளால் இப்படி ஒரு பயனாவது இருக்கட்டும். ம், நின்றுவிட்டது.

ராயக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் தெரிவது கோட்டை மலை. நடுவில் சேலம்–பெங்களூரு ரயில் ஏதாவது கத்திக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு 16 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. எனக்குக் கிடைத்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. பெயர் வேண்டாம். காலையில் முதல் பஸ், கெலமங்கலத்தில் இறங்கி அடுத்த பஸ், பிறகு நடை. கல்லூரிச் சீருடைச் சேலையைக் கட்டிக்கொண்டு அந்த மண் பாதையில் நடந்தால், பள்ளிக்குள் நுழைவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும், பயிற்சி டீச்சர் வந்துவிட்டாள் என்று. பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் இருப்பீர்கள் மிஸ்?" சொன்னேன். இரண்டு பேர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முதல் ஆண்டில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு திறன். வினா கேட்கும் திறன், விளக்கும் திறன், கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன் என்று தனித்தனியாகப் பழக வேண்டும். பாடம் நடத்துவது நாம், பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பது நம் தோழிகள். கேள்வி முடிவதற்குள் பத்துக் கைகள் உயரும். "மிக நன்று, உட்காரம்மா" என்போம், அது வலுவூட்டல் திறன். எனக்கு அதில் நல்ல மதிப்பெண். எம்.எஸ்சி. முடித்த பெண் ஏழாம் வகுப்புப் பிள்ளையாக நடித்துப் பதில் சொன்னால் யாருக்குத்தான் மதிப்பெண் வராது?

இப்போது நிஜ வகுப்பு. ஏழாம் வகுப்பு, கணக்கு. தசம எண்கள் தொடங்குவதற்கு முன்னால் பின்னங்களை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிடலாம் என்று போனேன். பாடக்குறிப்பு பிசிறில்லாமல் எழுதியிருந்தேன். வட்டம் போட்டேன், நான்காகப் பிரித்தேன், எட்டாகப் பிரித்தேன், வண்ணச் சுண்ணக்கட்டியால் நிழலிட்டேன். "புரிந்ததா?" என்றேன். "புரிந்தது மிஸ்!" ஓடு பறக்கிற மாதிரி ஒரே குரல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். 1/4 பெரியதா, 1/8 பெரியதா?

"1/8 மிஸ்!" அதே குரல், அதே உற்சாகம். நான்கைவிட எட்டுதானே பெரியது!

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியர் வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "புரிந்ததா என்று 11 முறை கேட்டாயம்மா, எண்ணினேன்." திட்டவில்லை. திட்டியிருந்தால் பஸ் ஏறும்போது மறந்திருப்பேன்.

அந்த வகுப்பைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். தமிழ் பள்ளிக்கூடத்தில்தான். "புரிந்தது" என்பது அவர்களுக்கு மிஸ்ஸைச் சந்தோஷப்படுத்துகிற ஒரு சொல், அவ்வளவே. இன்னொன்று, ராகி அறுவடைக் காலம். யானைகள் காட்டைவிட்டு வயலுக்கு இறங்கும். இரவெல்லாம் அப்பாவோடு பரணில் உட்கார்ந்து தகரம் தட்டிவிட்டு வருகிற பையன் முதல் பாடவேளையில் தூங்காமல் என்ன செய்வான்? பாடக்குறிப்பில் "முன்னறிவு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இதையெல்லாம் எழுத இடமில்லை. "மாணவர்கள் பின்னம் பற்றி அறிந்திருப்பர்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அன்று இரவு சமையலறையில் உட்கார்ந்து புலம்பினேன். ஆயா, எங்கள் ஊரில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம், களி கிண்டிக்கொண்டே கேட்டார். "அரைக்கால் தெரியாதா உன் பிள்ளைகளுக்கு?"

அரைக்கால்! எட்டில் ஒன்றுக்குத் தமிழில் அதுதானே பெயர். காலில் அரை, அரைக்கால். எது பெரியது என்ற கேள்விக்கான விடை பெயருக்குள்ளேயே கிடக்கிறது. "எட்டில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு" என்று நான்தான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்.

ஆயா பரணிலிருந்து மூட்டையை இறக்கினார். பித்தளையில் ஆழாக்கு, உழக்கு, உரி, இரும்புப் பட்டை போட்ட படி. ஆழாக்கு அரைக்கால் படி, உழக்கு கால் படி, உரி அரைப் படி. புளி போட்டுத் துலக்கி, ஒரு பை ராகியோடு மறுநாள் பஸ் ஏறினேன். கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு லக்கேஜ் போடலாமா என்று யோசித்தார்.

வகுப்பில் கரும்பலகையைத் தொடவில்லை. தரையில் பேப்பர் விரித்து நடுவில் படியை வைத்தேன். இரண்டு ஆழாக்கு ஊற்றினால் உழக்கு தலைதட்டி நிற்கிறது. எட்டு ஆழாக்குக்குப் படி நிறைகிறது. பிள்ளைகளே கொட்டினார்கள், பிள்ளைகளே எண்ணினார்கள். கன்னடம் பேசுகிற பெண் ஒருத்தி, "எங்கள் வீட்டிலும் அரெ, காலு, முக்காலு என்றுதான் சொல்வோம் மிஸ்" என்றாள். உடனே தெலுங்குப் பையன் ஒருவன் எழுந்து, "எங்களுக்குக் கால் என்றால் பாவு" என்றான். மூன்று மொழியிலும் பலகையில் எழுதினோம். அதுவரை வாயே திறக்காத பையன் அவன்.

ஒருவன் மட்டும் ஆழாக்கு ராகியை ஒல்லியான உயர டம்ளரில் கொட்டிவிட்டு, இப்போது அதிகமாகிவிட்டது என்று சாதித்தான். எனக்குச் சிரிப்பும் திகைப்பும் ஒன்றாக வந்தன. ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகளில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும். அதற்காக, குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் நான்கு நிலைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து வைத்திருக்கிறேன். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்கிற தெளிவு, அவர் கணக்குப்படி, 7 வயதிலிருந்து 11 வயதுக்குள்ளான பருப்பொருள் நிலையில் வந்துவிட வேண்டும். இவனுக்கு 12. திரும்ப ஆழாக்கில் கொட்டிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான், "டீக்கடையில் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள் மிஸ்." பியாஜே இதை எந்த நிலையில் வைப்பார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்த நாள் தசமம். அரைக்கால் கிலோ எத்தனை கிராம்? தக்காளி மண்டிக்குப் போய்வருகிற பிள்ளைகளுக்குத் தராசு தெரியும். காலுக்கு 250, அதில் பாதி 125. அப்படியே 0.125 என்று எழுதினேன். இந்த முறை "புரிந்ததா" என்று கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். "முக்காலை எப்படி எழுதுவாய்?" என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். ஏழு பேர் 0.34 என்று எழுதியிருந்தார்கள். மூன்றும் நான்கும் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டன. போகட்டும், யார் அந்த ஏழு பேர் என்றாவது தெரிந்ததே.

அந்த ராகி வகுப்பைக் கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வந்தவரும் பார்த்தார். வகுப்பறைக் கட்டுப்பாட்டில் மதிப்பெண் குறைத்தார், ஏனென்றால் அவர் செருப்புக்கடியில் ராகி. துணைக்கருவிக்கு சார்ட் எங்கே என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆழாக்கையும் உழக்கையும் சார்ட்டில் வரைந்து ஒட்டினேன். என்ன செய்வது, ரெக்கார்டுக்குள் பித்தளையை ஒட்ட முடியாதே.

இன்னொன்று பாக்கி. இன்று மணி அடித்த பிறகு அந்தக் கன்னடப் பெண் வந்து கேட்டாள், "மூன்றில் ஒன்றுக்கு எந்தப் படி மிஸ்?" நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்து ஆயாவிடம் கேட்டேன். ஆயா வெகுநேரம் யோசித்தார். "மூன்று பேருக்கு எங்கே கண்ணு அளந்தோம்? கண்ணால் பார்த்துக் கூறு போட்டுவிடுவோம்."

நாளைக்கு அவளிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன். முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு. வருகிறேன்.