பட்டியல் கேட்கும் பெற்றோருக்கு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இளம் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் எழுதித் தாருங்களேன்" என்பார்கள். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஆலயத்துச் சிறுவர் நூலகத்தையும் கவனித்துக்கொள்கிறேன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயத்தை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன். ஆனால் பட்டியல் தருவதில்லை. ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். கிறிஸ்தவர் அல்லாத நேயர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் சொல்லும் வசனங்கள் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். கவலை உங்கள் வீட்டிலும் இருப்பதுதான்.

முதலில் அந்தப் பயம் எப்படி வருகிறது என்று பாருங்கள். பத்து வயதுப் பெண் பள்ளிப் புத்தகக் கண்காட்சியிலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி வருகிறாள். இரண்டே நாளில் படித்து முடிக்கிறாள். தாய் தமிழ்வழியில் படித்தவர். ஆங்கிலம் படிப்பார், ஆனால் முந்நூறு பக்கக் கதையைப் படிக்கும் வேகமும் இல்லை, நேரமும் இல்லை. தன் பிள்ளை தன்னால் நுழைய முடியாத ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல அவருக்கு இருக்கிறது. உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், தெரியாது. தெரிவதெல்லாம் அட்டைப் படம் மட்டுமே. அட்டையில் மந்திரக்கோல் இருந்தால் திகைப்பு. சூனியக்காரி இருந்தால் உடனே வேதாகமத்தில் உபாகமம் என்ற நூலின் பதினெட்டாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. குறிசொல்லுகிறவனும் சூனியக்காரனும் உங்களுக்குள்ளே இருக்கக் கூடாது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. அந்தத் தாயைப் பழமைவாதி என்று யாராவது கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். தன் பிள்ளையின் மனத்துக்குள் என்ன போகிறது என்று கவலைப்படுவது தாயின் கடமை.

இந்தக் கவலை இன்று நேற்று வந்ததும் அல்ல. இங்கே ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அவர்மீது மிகுந்த பிரியம் உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாரா டிரிம்மர் என்பது அவர் பெயர். 1741-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனுக்கு அருகில் பிரென்ட்ஃபோர்டு என்ற ஊரில் வாழ்ந்தார். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். பன்னிரண்டு பிள்ளைகள்! நாம் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நேரமில்லை என்கிறோம். அவர் 1786-இல் தம் ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஞாயிறு பள்ளி தொடங்கினார். அதே ஆண்டில் பிள்ளைகளுக்காக ஒரு கதைப் புத்தகமும் எழுதினார். ஒரு ராபின் குருவிக் குடும்பம், கூட்டில் நான்கு குஞ்சுகள். ஒன்றின் பெயர் ஃபிளாப்ஸி, இன்னொன்றின் பெயர் பெக்ஸி. தோட்டத்து வீட்டில் இரண்டு மனிதப் பிள்ளைகள். அந்தக் குருவிகளைப் பார்த்துப் பார்த்து, உயிர்களிடம் இரக்கம் காட்டக் கற்றுக்கொள்கிறார்கள். குருவிகள் பேசும். ஆனால் அம்மையாருக்கு மனச்சாட்சி உறுத்தியிருக்க வேண்டும். பறவைகள் உண்மையில் பேசுவதாக நினைத்துவிடாதீர்கள், இவை கட்டுக்கதைகள் என்று முன்னுரையிலேயே எச்சரித்துவிட்டார். அந்தப் புத்தகம் அவர் காலத்துக்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் அச்சில் இருந்தது.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. திருச்சபைக்கு எதிரான கருத்துகள் சிறுவர் புத்தகங்கள் வழியாகவே வீட்டுக்குள் நுழைகின்றன என்று அவர் அஞ்சினார். 1802 முதல் 1806 வரை ஒரு பத்திரிகை நடத்தினார். சிறுவர் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெற்றோருக்காக மதிப்புரை எழுதினார். சிறுவர் இலக்கியத்துக்குத் தொடர்ச்சியாகவும் பொறுப்போடும் மதிப்புரை எழுதும் வழக்கம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. நினைத்துப் பாருங்கள், இந்தத் துறையையே தொடங்கி வைத்தது கவலைப்பட்ட ஒரு கிறிஸ்தவத் தாய்!

அவர் எதையெல்லாம் கண்டித்தார் என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். ராபின்சன் குரூசோ கதை பிள்ளைகளுக்கு ஊர்சுற்றும் ஆசையை மூட்டிவிடும் என்று எச்சரித்தார். சிண்டரெல்லா கதையைச் சாடி வந்த ஒரு வாசகர் கடிதத்தைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். அது பொறாமையைக் கற்பிக்கிறது, மாற்றாந்தாய்மீது வெறுப்பை வளர்க்கிறது, உடை மோகத்தைத் தூண்டுகிறது என்பது அந்தக் கடிதத்தின் குற்றச்சாட்டு. இன்று அந்த இரண்டு கதைகளையும் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே பரிசாகக் கொடுக்கிறோம். டிரிம்மர் அம்மையாரின் அன்பில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை. ஆனால் அவர் போட்ட பட்டியல் அவருக்குப் பின் நிற்கவில்லை.

நம் ஊரிலும் இது நடந்தது. ஜான் மர்டாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையில் கிறிஸ்தவப் புத்தகப் பணி செய்தவர். அதுவரை அச்சான தமிழ் நூல்களுக்கெல்லாம் 1865-இல் அட்டவணை தயாரித்தவர். தமிழ் நூல் வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். அவரே 1872-இல் அரசுப் பாடநூல்களிலும் பல்கலைக்கழகப் பாடநூல்களிலும் சமயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பொருந்தாதவை இருப்பதாகக் கண்டித்து எழுதினார். அவர் அட்டவணை காலத்தை வென்றது. கண்டனத்தை நினைவில் வைத்திருப்பவர் அரிது.

அண்மைக்காலத்துக்கு வாருங்கள். 2000 முதல் 2009 வரையான பத்தாண்டுகளில் அமெரிக்க நூலகங்களில் மிக அதிகமாக ஆட்சேபம் எழுந்த நூல்வரிசை ஹாரி பாட்டர் என்று அந்நாட்டு நூலகச் சங்கத்தின் பட்டியல் சொல்கிறது. ஆட்சேபித்தவர்களில் கிறிஸ்தவப் பெற்றோர் பலர். மந்திரவாதம்தான் காரணம். சரி, மந்திரமும் சூனியக்காரியும் இருந்தாலே விலக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்வோம். சி. எஸ். லூயிஸ் என்னும் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி 1950-இல் வெளியிட்ட, நார்னியா என்ற கற்பனை உலகத்தைப் பற்றிய முதல் கதையின் தலைப்பிலேயே சூனியக்காரி இருக்கிறாளே, அதை என்ன செய்வது? போகட்டும், வேதாகமத்திலேயே சாமுவேலின் முதலாம் புத்தகம் இருபத்தெட்டாம் அதிகாரத்தில் சவுல் ராஜா மாறுவேடம் போட்டுக்கொண்டு எந்தோரில் அஞ்சனம் பார்க்கிற பெண்ணிடம் இரவோடு இரவாகப் போகிறானே, அதை என்ன செய்வது? அட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, நேயர்களே. மறுபடியும் சொல்கிறேன், அட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பட்டியல் என்றதும் எனக்கு வீரமாமுனிவர் நினைவுக்கு வருகிறார். இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து தேம்பாவணி பாடிய அதே துறவிதான் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். அது 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. குருவும் சீடர்களும் குதிரையில் போகும் கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. குருவின் தலைப்பாகை விழுந்துவிடுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவில்லையே! விழுவதையெல்லாம் எடுங்கள் என்று குரு கட்டளையிடுகிறார். உடனே குதிரை போட்ட சாணத்தை ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறார்கள். திட்டு வாங்கியபின், "எதை எதை எடுக்க வேண்டும் என்று ஓலையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். எழுதிக் கொடுக்கிறார். கொஞ்ச தூரத்தில் குருவே பள்ளத்தில் விழுந்துவிடுகிறார். சீடர்கள் ஓலையை எடுத்துப் படிக்கிறார்கள். தலைப்பாகை எடுத்தாயிற்று. வேட்டி எடுத்தாயிற்று. குருவை எடுக்கவில்லை. ஓலையில் குரு இல்லை! கிடந்தபடியே அவர் கெஞ்சி, தம்மையும் எடுக்கும்படி தம் கையாலேயே எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு கத்தோலிக்கத் துறவி குருவையே முட்டாளாக்கி எழுதியிருக்கிறாரே, பெரியவர்களை மதிக்காமல் போய்விடுவார்களே என்று யாரும் அஞ்சியதில்லை. காரணம் உண்டு. அந்தக் கதை அறியாமையைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. அன்பைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சீடர்கள் மடையர்கள், ஆனால் குருவை விட்டு ஓடிவிடவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய புத்தகங்களில் என்னை உண்மையாகவே கலங்க வைப்பது மந்திரக்கோல் அல்ல. எல்லாப் பெற்றோரும் அசடுகள், எல்லா ஆசிரியர்களும் கொடுமைக்காரர்கள், பொய் சொல்லித் தப்பிப்பவனே கெட்டிக்காரன் என்று பக்கத்துக்குப் பக்கம் சிரிப்போடு ஊட்டும் புத்தகங்கள்தான் கலங்க வைக்கின்றன. அவற்றின் அட்டையில் ஒரு சூனியக்காரியும் இருக்க மாட்டாள். கோட்டுப் படங்களும் வண்ண எழுத்துகளும் இருக்கும். பெற்றோரும் நிம்மதியாக வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படியானால் கதையில் பொய்யே வரக் கூடாதா? வரலாம். வேதாகமத்தில் வராத பொய்யா? யாக்கோபு என்ன செய்தான்? வெள்ளாட்டுக் குட்டிகளின் தோலைக் கைகளில் போர்த்திக்கொண்டு, பார்வை மங்கிய தகப்பனை ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்கினான். அதோடு கதை முடிந்திருந்தால் நானும் கவலைப்படுவேன். முடியவில்லை. ராகேலை மணப்பதற்காக ஏழு வருடம் உழைத்தான், மணமுடித்து விடிந்து பார்த்தால் அவள் அக்காள் லேயாள். மாமன் லாபான் ஏமாற்றிவிட்டான். வயதான காலத்தில் அவன் பெற்ற பிள்ளைகளே, தம்பி யோசேப்பு செத்துப்போனான் என்று நம்பவைக்க, அவன் அங்கியை வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டினார்கள். எந்த ஆட்டை வைத்துத் தகப்பனை ஏமாற்றினானோ அதே ஆட்டை வைத்து அவன் பிள்ளைகள் அவனை ஏமாற்றினார்கள். இத்தனைக்கும் ஆதியாகமம் எந்த இடத்திலும் நின்று, பிள்ளைகளே, பொய் சொல்லாதீர்கள் என்று பிரசங்கம் செய்யவில்லை. கதையே காட்டிவிடுகிறது.

ஆகவே, ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் அதில் பொய் இருக்கிறதா என்று தேடாதீர்கள். அந்தப் பொய்க்குக் கதைக்குள் என்ன நேர்கிறது என்று பாருங்கள். பொய்யால் யாருக்காவது வலிக்கிறதா? அந்த வலியை எழுத்தாளர் நம்மைப் பார்க்க வைக்கிறாரா, மறைத்துவிடுகிறாரா? இதைக் கண்டுபிடிக்கப் புத்தகம் முழுவதையும் நீங்கள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியதில்லை. பிள்ளையிடம் கேட்டால் போதும். தமிழில் கேளுங்கள். "இன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது? அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேளுங்கள். எங்கள் நூலகத்துக்கு வரும் ஒரு சிறுவன் நான் சொன்ன அந்தக் கோட்டுப்படப் புத்தகம் ஒன்றில் மூழ்கிக் கிடந்தான். கதாநாயகன் தன் நண்பனை ஓயாமல் ஏய்க்கிறவன். "இதில் உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த நண்பன்தான் சார் பாவம், அவனைத்தான் பிடிக்கும்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் புத்தகத்தைப் பிடுங்கியிருந்தால் அந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது. அவனுக்கும் அதைச் சொல்லிப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்திருக்காது.

வேறு பதில் வந்தாலும் அஞ்ச வேண்டாம். அங்கேதான் உங்கள் பேச்சு தொடங்குகிறது. குடும்ப ஜெபத்துக்குப் பின் ஒரு கால்மணி நேரம், பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். ஆங்கிலம் புரியாத இடத்தில் பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பிள்ளைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே ஊர்ச் சபையாருக்கு எழுதினார். சோதித்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளைக்கும் பழக்க வேண்டாமா? பதினைந்து வயதில் உங்கள் பட்டியல் அவன் கையில் இருக்காது. பழக்கம் இருக்கும்.

பாலினம், குடும்பம் பற்றிய புதிய படக்கதைகளைக் குறித்தும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தின் மான்ட்கமெரி மாவட்டத்தில் முஸ்லிம், கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் பெற்றோர் சேர்ந்து ஒரு வழக்குத் தொடுத்தார்கள். வகுப்பில் அத்தகைய நூல்களை வாசிக்கும்போது முன்கூட்டியே தெரிவித்து, பிள்ளையை விலக்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்பது கோரிக்கை. வழக்கு முடியும்வரை அந்த உரிமையைத் தர வேண்டும் என்று 2025 ஜூன் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை நான் முழுதும் ஏற்கிறேன். அந்தப் பெற்றோர் மற்றப் பிள்ளைகளின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை இன்னும் விரிவாகப் பேசத்தான் நினைத்திருந்தேன், கடிகாரம் இடம் தரவில்லை.

கடைசியாக ஒன்று. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகங்களைத் தேடிப் போவதற்கு நாமும் ஒரு காரணம். தமிழில் நாம் கொடுக்கும் கிறிஸ்தவச் சிறுவர் நூல்கள் பெரும்பாலும் மிஷனரிகளின் வரலாற்றுச் சுருக்கங்களும், முடிவில் புத்திமதி ஒட்டிய கதைகளும்தான். கடற்கரை ஊர்ப் பிள்ளையும், தீப்பெட்டி ஊர்ப் பிள்ளையும், பனங்காட்டுப் பிள்ளையும் தங்களைக் கண்டுகொள்ளும் கதைகள் மிகக் குறைவு. சபைகள் சேர்ந்த சேகரத்தின் பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வரவு செலவு போடும்போது பரிசுக் கோப்பைகளைக் குறைத்து, நல்ல தமிழ்க் கதைப் புத்தகங்கள் வாங்க ஒரு தொகை ஒதுக்குங்கள். எழுதத் தெரிந்த இளைஞர்கள் உங்கள் சபையில் இருந்தால் அவர்களிடம் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். படம் வரைகிறவருக்கும் கூலி கொடுங்கள்.

நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இதுவரை கேட்டவர்களுக்கு நன்றி. வணக்கம்.