கொடி பிழைத்தால்தான் கிழங்கு

பெரியோர்களுக்கும், வேளாண் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

2030-க்குள் உலகில் பசி இருக்கக் கூடாது என்று ஐ.நா. சபையில் நாடுகள் முடிவெடுத்தது 2015-இல். 2024-ஆம் ஆண்டின் கணக்குப்படி இன்னும் சுமார் 67 கோடிப் பேர் அரைவயிறும் காலிவயிறுமாக இருக்கிறார்கள். இதைப் பற்றி மாநாடு, தீர்மானம் என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். நான் ஒரு கிழங்கைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக் நாட்டின் சர்க்கரைவள்ளி.

வயிறு நிறைந்தும் சத்து சேராத பிள்ளைகள் உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும், அப்புறம் பார்வையே போகும், நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் குழந்தைகள் இதனால் பார்வை இழக்கிறார்கள், அவர்களில் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டு மருந்து உயிர் காக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சாலையே இல்லாத ஊருக்கு அது ஒவ்வொரு முறையும் போய்ச் சேர வேண்டுமே.

மொசாம்பிக்கில் ஏழை வீடுகளில் சர்க்கரைவள்ளி தினசரி உணவு. பெரும்பாலும் பெண்கள்தான் பயிரிடுவார்கள், கீரையையும் சமைப்பார்கள். ஆனால் அங்கே வழக்கத்தில் இருந்தது உள்ளே வெள்ளையாக இருக்கும் கிழங்கு. அதில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் இல்லை என்றே சொல்லலாம். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்கென்றால் 125 கிராம், அதாவது ஒரு சின்னக் கிழங்கு, சிறு குழந்தையின் ஒரு நாள் தேவைக்குப் போதும்.

சரி, ஆரஞ்சுக் கிழங்கைக் கொடுத்துவிட்டால் முடிந்ததா? இல்லை. அவித்தால் மாவு மாவாக உதிர வேண்டும், அதுதான் அங்கே பெரியவர்களுக்குப் பிடித்த பதம். வெளியிலிருந்து வந்த ஆரஞ்சு ரகங்களோ நீர் கோத்துக் கொழகொழவென்று இருந்தன. சத்து இருக்கிறது, சாப்பிடுங்கள் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கேப் வெர்டேயில் பிறந்த மரியா ஆண்ட்ராடே, உகாண்டாவின் ராபர்ட் முவாங்கா போன்ற பயிர் ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து உள்ளூர் நாக்குக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கினார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் கொடி. சர்க்கரைவள்ளியை யாரும் விதை போட்டுப் பயிர் செய்வதில்லை, கொடியைத் துண்டுபோட்டுத்தான் நடுகிறோம். மொசாம்பிக்கின் பல பகுதிகளில் ஆண்டில் பாதி நாள் மழையே கிடையாது. கொடி கருகிவிடும். மறுபடி மழை வரும்போது நட ஒன்றும் இருக்காது. இலவசமாகக் கொடி கொடுத்த எத்தனையோ திட்டங்கள் இந்த இடத்தில்தான் படுத்துவிட்டன. ஆண்ட்ராடே குழு 2011-இல் வறட்சி தாங்கும் 15 ரகங்களை வெளியிட்டது இதற்காகத்தான்.

ரகம் மட்டும் போதாது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வழியும் கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அறுவடையின்போது கூன்வண்டு துளைக்காத, அடிபடாத சின்னக் கிழங்குகளைப் பொறுக்குகிறார்கள். ஒரு பேசினில் உலர்ந்த மணல் ஒரு வரிசை, கிழங்கு ஒரு வரிசை என்று அடுக்கி வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைக்கிறார்கள். மழைக்கு ஆறேழு வாரம் முன்பு எடுத்து வீட்டோரப் பாத்தியில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால், மழை விழும்போது வெட்டி நடக் கொடி தயார். செலவு என்று பார்த்தால் மணலும் கைப்பாடும்தான். ஆனால் அடுத்த ஆண்டு நடவு அந்தப் பெண்ணின் கையிலேயே இருக்கிறது, யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். மொசாம்பிக்கின் சாம்பேசியா மாகாணத்தில் ஆய்வாளர் ஜான் லோ தலைமையில் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. கொடி கொடுத்து, தாய்மாருக்குச் சத்துணவு பற்றிச் சொல்லித்தந்து, சந்தையும் ஏற்படுத்திய ஊர்களில், இரத்தத்தில் வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகள் 60 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆண்ட்ராடே, முவாங்கா, ஜான் லோ மூவருக்கும், பயிரிலேயே சத்தைக் கூட்டலாம் என்று பல ஆண்டு வாதாடிய பொருளியலாளர் ஹவர்த் பூயிஸுக்கும் 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய வேலைகளுக்குப் பணம் கொடுத்த பெரிய கைகளில் ஒன்று அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட். 2025 ஜூலையோடு அது மூடப்பட்டது. வீட்டுக்கொடியில் வைரஸ் நோய் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், நோயில்லாத தாய்க்கொடியைச் சில ஆண்டுக்கு ஒருமுறை நாற்றங்காலிலிருந்து புதிதாகத் தர வேண்டும். அந்த நாற்றங்காலுக்குச் சம்பளமும் தண்ணீரும் யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டடம் திறந்தால் பெயர்ப்பலகை வைக்கலாம். நாற்றங்காலுக்குப் பெயர்ப்பலகை இல்லை, அதனால்தான் முதலில் அதன் பணத்தில் கை வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'பூ சோனா' என்ற ஆரஞ்சு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளைக் கிழங்குதான். பூ சோனா கொடியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் பின்னால் ஒரு பாத்தி போடுங்கள். அவித்த கிழங்கைக் கொஞ்சம் வேர்க்கடலையோடு கொடுத்தால் சத்து நன்றாக உடம்பில் சேரும். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்களா, கோடையில் கொடி பிழைத்ததா, இரண்டையும் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் கணக்கைக் கேட்கிறேன். வணக்கம்.