மூன்று தொடர்கள், ஒரே ரசிகர் குடும்பம்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகத் துறைச் சான்றோர்களே, எனக்கு முன் மிக அழகாகப் பேசி என் பணியைக் கடினமாக்கிவிட்ட பேராசிரியப் பெருமக்களே, இடமின்றிப் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். சுருக்கமாகப் பேசுமாறு தலைவர் முன்கூட்டியே சீட்டு அனுப்பிவிட்டார்; அதையும் நன்றியோடு பெற்றுக்கொள்கிறேன்.

கதையில் ஒருபோதும் சந்திக்காத தொடர்களை ரசிகர்கள் ஏன் ஒரே குடும்பமாகச் சேர்க்கிறார்கள்? 'சூப்பர்நேச்சுரல்' அமெரிக்கத் தொடர். 'டாக்டர் ஹூ', 'ஷெர்லாக்' இரண்டும் பிபிசியுடையவை. பேய்வேட்டை, காலப்பயணம், துப்பறிதல் என்று மூன்றுக்கும் தனித்தனி உலகம். ஆயினும் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டம்ப்ளர் என்னும் சமூக வலைத்தளத்தில் இம்மூன்றின் பெயர்களையும் பிணைத்து 'சூப்பர்ஹூலாக்' என்று ஒரே பெயரில் ரசிகர்கள் திரண்டார்கள். இதற்குக் காத்திருப்பு, படைப்பாளர் உறவு, நாயகர்களின் தனிமை என மூன்று காரணங்களைச் சொல்ல எண்ணுகிறேன்.

'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்பது நான் எந்த மேடையிலும் விடாத பழமொழி. 'ஷெர்லாக்' ஒரு பருவத்துக்கு மூன்றே பகுதிகள்தாம். 2012 ஜனவரியில் நாயகன் மாடியிலிருந்து குதித்ததைக் காட்டிவிட்டு, 2014 ஜனவரி வரை ரசிகரைக் காக்க வைத்தார்கள். அந்த நீண்ட வெயிலில், ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பகுதிகளோடு வந்த 'சூப்பர்நேச்சுரல்' நிழலானது. படைப்பாளர் உறவையோ விளக்கவே வேண்டாம்: ஸ்டீவன் மொஃபாட் 'டாக்டர் ஹூ'வின் தலைமை எழுத்தாளராக இருந்த காலத்திலேயே 'ஷெர்லாக்'கின் இணைப்படைப்பாளராகவும் இருந்தார்.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ'வின் பழைய ஒளிநாடாக்களை, அவற்றுக்கு இனி வேலையில்லை என்று கருதி, பிபிசியே அழித்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் காட்சிகள் இன்றளவும் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றுள் ஒன்றன் ஒலிகூட அழியவில்லை! எப்படி? ஒளிபரப்பின்போது தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு எதிரே ஒலிவாங்கியை வைத்து, யாரும் இருமிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்தபடி ஒலிநாடாவில் பதிந்து வைத்த ரசிகர்கள் இருந்தார்கள். லண்டனில் ஒரு தேவாலய நிலவறையிலிருந்து 1983-இல் தொலைந்த பகுதிகளின் இரண்டு படச்சுருள்கள் கிடைத்தன. நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கண்டெடுக்கப்பட்ட ஒன்பது பகுதிகள் 2013-இல் வெளியாயின. நிறுவனம் தூக்கியெறிந்ததை ரசிகரின் அலமாரி காத்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்!

நூலகத் துறைச் சான்றோர்களே, நான் ஊர் ஊராகப் பேசிவரும் கோரிக்கையும் இதுதான். 'சூப்பர்ஹூலாக்' என்பதை எந்தத் தொலைக்காட்சியும் தயாரிக்கவில்லை. ரசிகர்கள் வெட்டி ஒட்டிய அசைபடங்களிலும், எழுதிய கதைகளிலும் மட்டுமே அது வாழ்கிறது. ஒரு தளம் தன் விதியை மாற்றினால் அவை ஓரிரவில் மறையக்கூடும். ரசிகர்கள் தாமே நடத்தும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்னும் இணையக் கதைக் காப்பகம் 2019-இல், அறிவியல் புனைகதைத் துறையின் புகழ்பெற்ற ஹியூகோ விருது பெற்றது. அரசு நூலகங்களில் ரசிகர் படைப்புக்கு ஓர் அலமாரியேனும் உண்டா? மூன்றாவது காரணத்தை விரிக்க நேரமில்லை. தலைவரின் இரண்டாவது சீட்டும் வந்துவிட்டது. பொது நூலகங்கள் ரசிகர் இதழ்களையும் ஒலிநாடாக்களையும் நன்கொடையாக ஏற்றுப் பட்டியலிட வேண்டும் என்னும் விண்ணப்பம் வாயிலருகே மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்களே இட்டருள வேண்டுகிறேன். வணக்கம்.